தாங்கியின் அடியில் தேங்கும் தண்ணீர்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் கொம்பிரசரை நம்பிப் பிழைப்போர் பலர். ரயர் கடை, வாகனத்துக்கு வர்ணம் பூசும் பட்டறை, கறுத்த அரிசியை ஊதி ஒதுக்கும் யந்திரம் பூட்டிய ஆலை ஆகிய எல்லாவற்றுக்கும் அமுக்கிய காற்று வேண்டும். இந்த யந்திரத்தின் குறைகள் பலவற்றை மெக்கானிக் வருமுன்னரே கண்ணாலும் காதாலும் அறியலாம்.

தண்ணீர்

காற்றை 7 பார், அதாவது சுமார் 100 இறாத்தல் அமுக்கத்துக்குக் கொண்டுவரும்போது, எட்டுப் பங்கு காற்று ஒரு பங்கு இடத்துக்குள் அடங்குகிறது. அதிலுள்ள நீராவி முழுவதும் அவ்வாறு அடங்காது. தாங்கி குளிரும்போது அது தண்ணீராகி அடியில் தேங்கும். நமது கடற்கரைக் காற்றில், சிறப்பாக மாரி காலத்தில், இது அதிகம். வெளியே வர்ணம் பளபளத்தாலும் உள்ளே இரும்பு துருப்பிடித்து மெலியும். மெலிந்த தாங்கி வெடித்தால் பக்கத்தில் நிற்பது வேலை பழகும் பையனாக இருக்கலாம்.

ஆகவே, தினமும் மாலையில் மோட்டாரை நிறுத்தி, அமுக்கத்தைக் குறைத்து, அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வடியவிடுங்கள். தாங்கியில் ஊசித் துளை தெரிந்தால் ஒட்டுப்போட்டு வெல்டிங் செய்ய வேண்டாம், அத்தாங்கியை ஒதுக்கிவிடுங்கள்.

காற்றுக் கசிவு

எந்த வேலையும் செய்யாமல் கொம்பிரசரை மட்டும் ஓடவிடுங்கள். அமுக்கம் நிரம்பி அது தானாக நின்றபின், மீண்டும் எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறியுங்கள். 4 நிமிடம் நின்று 1 நிமிடம் ஓடினால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 வீதம், வீணாகிறது. 3 மில்லிமீற்றர் துளையொன்று 7 பார் அமுக்கத்தில் செக்கனுக்குச் சுமார் 10 லீற்றர் காற்றை வெளியேற்றும். சிறு கடையின் கொம்பிரசர் தரும் காற்று முழுவதையும் அது விழுங்கிவிடும். மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி இடத்தைக் காட்டும்.

வேறு குறிகள்

அமுக்கம் ஏறத் தாமதமானால் முதலில் காற்று வடியையும் பெல்ற்றின் தளர்வையும் பாருங்கள். ஓடும்போது காற்று உட்புகும் வாயால் காற்று திரும்பி ஊதினால் உள்வாங்கும் வால்வு பழுது. மோட்டார் நின்றபின்னும் சுவிச்சில் 'உஸ்' என்ற சத்தம் நீடித்தால் தாங்கிக்குப் போகும் ஒருவழி வால்வு அடைக்கவில்லை என்று பொருள். மறுமுறை மோட்டார் உறுமிக்கொண்டு தொடங்க மறுப்பதற்கும் இதுவே காரணமாகலாம். காற்றோடு எண்ணெய் வந்தால் எண்ணெய் மட்டம் கூடியிருக்கலாம், அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம்.

எதைத் தொடவும் முன்னர் மின்சாரத்தைத் துண்டித்து, தாங்கியை முற்றாக வெறுமையாக்குங்கள்.

பாதுகாப்பு வால்வு

அமுக்கம் எல்லை மீறும்போது காற்றை வெளியேவிடும் வால்வு இது. அது அடிக்கடி திறப்பது தொந்தரவென்று சிலர் இறுக்கியோ அடைத்தோ விடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவதாகும். வால்வு ஏன் திறக்கிறதென்று அமுக்கமானியையும் சுவிச்சையும் சோதிப்பதே முறை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளின் பாதுகாப்புப் பற்றியும் பேசுகிறது. சட்ட அதிகாரி சிறு பட்டறைக்கு வராதுபோகலாம். தண்ணீரும் துருவும் தவறாமல் வரும்.

வடிகுழாயைத் திறக்க இரண்டு நிமிடம் போதும். இன்று கடையைப் பூட்டுமுன் அதைச் செய்யுங்கள்; வேலை பழகும் பையனுக்கும் காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள்.