குக்கீயும் கொக்கிஸும்

“சித்தப்பா, குக்னா சமைக்கிறது. அதனாலதான் இதுக்கு குக்கீன்னு பேரு, சரியா?” என்று கேட்டாள் அண்ணன் மகள். உதட்டோரமெல்லாம் தூள். “தப்பு” என்றதும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

குக்கீ, நெதர்லாந்திலிருந்து போய் இங்கிலீஷில் ஒட்டிக்கொண்ட சொல். டச்சு மொழியில் கேக்குக்கு ‘குக்’ என்று பெயர். சமையலைச் சொல்லும் இங்கிலீஷ் ‘குக்’ லத்தீன் வழியில் வந்தது. இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால்தான் இந்தக் குழப்பம். எதையாவது ‘குட்டி’ என்று சொல்ல, டச்சுக்காரர்கள் சொல்லின் பின்னால் ‘யே’ என்று ஒரு வால் ஒட்டுவார்கள். பூனை ‘கட்’, குட்டிப் பூனை ‘கட்யே’. அப்படித்தான் குட்டிக் கேக் ‘குக்யே’ ஆனது.

இன்றைய நியூயார்க் முதலில் டச்சுக்காரர்களின் ஊர். பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். 1664-இல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்துக்கொண்டு பெயரை மாற்றினார்கள். டச்சுக் குடும்பங்கள் அங்கேயே இருந்தன, அடுப்பும் அணையவில்லை. அக்கம்பக்கத்து வாய்களில் புரண்டு குக்யே, குக்கீ ஆயிற்று.

1796-இல் அமெலியா சிம்மன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு சமையல் நூல் வெளியிட்டார். அதில் குக்கீக்குச் செய்முறை இருக்கிறது. மாவு, சர்க்கரை, வெண்ணெய், பிறகு... கொத்தமல்லி விதைப் பொடி! நம் ரசப்பொடி வாசனையில் குக்கீ. எனக்குச் சாப்பிட்டுப் பார்க்க ஆசைதான். சோடா உப்பு கடைக்கு வராத காலம் அது. மரச்சாம்பலிலிருந்து எடுத்த ஓர் உப்பைப் பாலில் கரைத்து ஊற்றச் சொல்கிறார். அந்த உப்பு புளிப்போடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும். குமிழ் குமிழாக மாவைத் தூக்கிவிடும்.

அதே 1796-இல் இன்னொரு கடற்கரையிலும் டச்சு ஆட்சி முடிந்தது: இலங்கை. அங்கே சிங்களவர்கள் புத்தாண்டுக்குச் சுடும் பலகாரத்தின் பெயர் ‘கொக்கிஸ்’. குக்யேக்கு டச்சில் பன்மை ‘குக்யெஸ்’. அதுதான் கொக்கிஸ் ஆனது. ஆனால் கொக்கிஸுக்கு ஓவனும் இல்லை, வெண்ணெயும் இல்லை. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கரைத்து எண்ணெயில் பொரிப்பது. பார்த்தால் நம் அச்சு முறுக்குதான்.

அச்சு முறுக்கு சுடுவதை ஒருநாள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். அச்சை முதலில் வெறுமனே எண்ணெயில் காயவைப்பார்கள். ஆறிய அச்சை மாவில் தோய்த்தால் மாவு வழிந்துவிடும். சூடான அச்சு என்றால், தொட்ட மாவு அங்கேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் அச்சின் மேல்விளிம்பை மாவு மூடக் கூடாது. மூடினால் முறுக்கு கழன்று விழாது, கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் மகள் கை நீட்டினாள், இன்னொரு குக்கீ வாங்கத் துட்டு வேண்டுமாம். ‘துட்டு’ மட்டும் என்னவாம்? ‘டய்ட்’ என்ற டச்சுச் செப்புக்காசுதான் அது.