போர்ட்டல் மூடும் நாள்தான் கடைசி நாளா? மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரின் பல பகுதிகளைச் சூழ்ந்தது. அந்த நேரத்தில் யுஜிசி நெட் தேர்வுக்கான போர்ட்டலும் திறந்திருந்தது. நவம்பர் 19-ல் தொடங்கிய விண்ணப்பம் டிசம்பர் 10-ல் முடிவதாக இருந்தது. பிறகு கிடைத்த நீட்டிப்பு ஒரே ஒரு நாள்.

நெட் மதிப்பெண்ணைப் பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று யுஜிசி அறிவித்ததும் அதே ஆண்டில்தான். 'கடைசி வாரத்துல பார்த்துக்கலாம்' என்று விட்டவர்களுக்குக் கையில் இருந்த நாட்களில் பாதியை மழையும் வெள்ளமும் எடுத்துக்கொண்டன.

புயல் வராத ஆண்டிலும் கணக்கு இதேதான். போர்ட்டலுக்கு ஒரு கடைசி தேதி உண்டு. தாலுகா அலுவலகம், கல்லூரி, வங்கி, பேராசிரியர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் தேவை. அவை எல்லாமே போர்ட்டல் தேதிக்கு முன்னால் முடிந்தாக வேண்டும்.

'கடைசி தேதி' உண்மையில் எத்தனை?

க்யூட் முதுநிலைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். 2025-ம் ஆண்டுக்கான விண்ணப்பம் ஜனவரி 2-ல் தொடங்கியது. பிப்ரவரி 1 வரை என்றிருந்தது பிப்ரவரி 8 வரை நீட்டிக்கப்பட்டது. கட்டணம் செலுத்த பிப்ரவரி 9. திருத்தம் செய்ய 10 முதல் 12 வரை. ஆக, ஒரே விண்ணப்பத்துக்கு மூன்று கடைசி தேதிகள்.

இதில் பலர் தவறவிடுவது நான்காவது ஒன்றை. க்யூட் எழுதினால் மட்டும் சீட் வராது. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகமோ திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமோ, அந்தந்தப் பல்கலையின் சேர்க்கைப் போர்ட்டலில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் இருப்பவருக்குப் பக்கத்தில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் புதுச்சேரிதான். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் இந்த இரண்டாவது பதிவைச் செய்யாமல் விட்டால், வாங்கிய மதிப்பெண் அங்கே பயன்படாது.

எல்லாத் தேர்வுக்கும் விதி ஒன்றல்ல. கேட் தேர்வில் வழக்கமான தேதி முடிந்த பிறகும் தாமதக் கட்டணத்துடன் சில நாட்கள் கிடைக்கும். 2025 தேர்வில் அது 500 ரூபாய் கூடுதல். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வில் அந்த வசதி கிடையாது.

முதலில் போக வேண்டிய இடம் இ-சேவை மையம்

தமிழக மாணவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது சாதிச் சான்றிதழில்தான். நம்மிடம் இருப்பது பிசி, எம்பிசி என்று குறிப்பிடும் மாநில அரசின் சான்றிதழ். ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் அது செல்லாது. அங்கே கேட்பது மத்திய அரசு படிவத்தில் உள்ள ஓபிசி (கிரீமி லேயர் அல்லாதோர்) சான்றிதழ்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும். அடுத்து, இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லாது. பொதுவாக அந்தந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்பார்கள். போன வருஷம் தம்பிக்கோ அக்காவுக்கோ வாங்கியதைப் பார்த்து 'நம்மகிட்ட இருக்கு' என்று இருந்துவிட முடியாது.

இ-சேவையில் பதிவு செய்ய முதலில் 'கேன்' எண் வேண்டும். பிறகு விண்ணப்பம் வருவாய்த் துறை அலுவலர்களின் விசாரணைக்குப் போகும். மழை, வெள்ளம், தேர்தல் என்று வந்துவிட்டால் அதே அலுவலர்கள்தான் அந்த வேலைகளையும் பார்க்கப் போவார்கள். அதனால் போர்ட்டல் திறப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இனிஷியல் எங்கே இருக்கிறது?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நமக்கு மூன்றும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

பெரும்பாலான தேர்வுகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன. வேறுபாடு இருந்தால் ஆதாரை முன்கூட்டியே திருத்துங்கள். பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களைத் திருத்த நாட்களில் மாற்றலாம் என்று நம்பாதீர்கள். எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பது ஒவ்வொரு தேர்வின் தகவல் கையேட்டிலும் இருக்கும்.

இன்னொன்று: பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாலும் உங்கள் மொபைல் எண்ணையும் உங்கள் இ-மெயிலையும் கொடுங்கள். ஓடிபி, ஹால் டிக்கெட், கவுன்சலிங் தகவல் எல்லாம் அதற்குத்தான் வரும்.

மதிப்பெண் பட்டியல் யாரிடம்?

கடலூர் மாவட்டக் கல்லூரிகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்குள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021-க்குப் பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. ஒரே கல்லூரியில் படித்திருந்தாலும், அக்காவின் பட்டம் வேலூரிலிருந்தும் தம்பியின் பட்டம் சிதம்பரத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போது இது முக்கியம். மதிப்பெண் பட்டியலில் எந்தப் பல்கலையின் பெயர் இருக்கிறதோ, அங்கேதான் விண்ணப்பிக்கணும். வேலைக்குப் போய் இரண்டு, மூன்று வருஷம் கழித்து விண்ணப்பிப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்வது நல்லது.

பணம் போச்சு, ரசீது வரலையே?

கடைசி இரவில் அதிகம் நடப்பது இதுதான். கணக்கில் பணம் கழிந்திருக்கும். போர்ட்டலில் உறுதிப்பக்கம் வந்திருக்காது. உறுதிப்பக்கம் வரவில்லை என்றால் விண்ணப்பம் முடியவில்லை என்றே அர்த்தம்.

ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, வணிகருக்குச் செலுத்திய யுபிஐ பணம் போய்ச் சேராவிட்டால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. பணம் திரும்பி வரும். ஆனால் அதற்குள் போர்ட்டல் மூடிவிடும். அதனால் கட்டணம் 1,400 ரூபாய் என்றால் கணக்கில் 2,800 வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வெளிநாடு என்றால்?

அமெரிக்கப் பல்கலையின் கெடு டிசம்பர் 15 இரவு 11.59, கிழக்குப் பகுதி நேரம் என்றால், நமக்கு அது டிசம்பர் 16 காலை 10.29. பரிந்துரைக் கடிதத்துக்கான லிங்க் உங்கள் பேராசிரியரின் இ-மெயிலுக்கு நேராகப் போகும். அவர் அதைத் திறந்து, எழுதி, பதிவேற்ற வேண்டும். செமஸ்டர் தேர்வு நேரத்தில் இரண்டு நாள் அவகாசம் கொடுத்து 'சார், ப்ளீஸ்' என்று கேட்டால் நல்ல கடிதம் வராது. குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள்.

மூடிவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாமா?

போனவர்கள் உண்டு. 2024-ல் ஐஐடி தன்பாத்தில் பி.டெக். இடம் பெற்ற உத்தரப் பிரதேச தலித் மாணவர் ஒருவர் 17,500 ரூபாய் கட்ட வேண்டிய கெடு, ஜூன் 24 மாலை 5 மணி. அவருடைய அப்பா தினக்கூலி. பணத்தைத் திரட்டி முடிப்பதற்குள் போர்ட்டல் மூடிவிட்டது. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் செப்டம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 142-வது பிரிவின் கீழ், அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. 2021-ல் பணப் பரிமாற்றக் கோளாறால் ஐஐடி மும்பை இடத்தை இழந்த மாணவருக்கும் இதே பிரிவின் கீழ்தான் நிவாரணம் கிடைத்தது.

142 என்பது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள சிறப்பு அதிகாரம். மற்றவர்கள் உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடியது அல்ல. முதல் மாணவருக்கு அதற்கே மூன்று மாதங்களுக்கு மேல் ஆனது.

பின்னோக்கி எண்ணுங்கள்

* 60 நாள் முன்: ஓபிசி, வருமானச் சான்றிதழ், பெயர்த் திருத்தம், டிரான்ஸ்கிரிப்ட்.
* 30 நாள் முன்: பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது.
* 15 நாள் முன்: தகவல் கையேட்டை முழுசாகப் படிப்பது, போட்டோ, கையெழுத்தைக் கேட்கும் அளவில் தயார் செய்வது, எல்லாவற்றையும் மொபைலிலும் இ-மெயிலிலும் சேமிப்பது.
* 7 நாள் முன்: கட்டணம் கட்டி, உறுதிப்பக்கத்தை டவுன்லோடு செய்வது.

கடைசி 7 நாட்களை எதற்கும் ஒதுக்காமல் காலியாக விடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலூரில் அந்த 7 நாளில் மழை எப்போது பெய்யும், கரன்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.