நிழலான மனைத்தோட்டத்தில் அந்தூரியம்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, குண்டசாலை, கட்டுகஸ்தோட்டை முதலிய பகுதிகளிலும் உள்ள மனைத்தோட்டங்களில் பலா, கமுகு, கராம்பு, சாதிக்காய் ஆகிய மரங்கள் நெருங்கி வளர்கின்றன. அவற்றின் கீழ் மிளகாயோ கத்தரியோ நட்டால், செடி மெலிந்து நெடிது வளருமேயன்றி நற்பலன் கொடாது. ஆதலால் கமக்காரர் பலர் அந்நிலத்தைப் பயனற்றதென விட்டுவிடுகின்றனர். நிழல் ஒரு குறையன்று. நிழலை விரும்பும் பயிரைத் தெரிந்தெடுத்தலே வேண்டுவதாகும்.

ஹொஸ்டா ஏற்றதா?

குளிர்நாடுகளில் நிழலான தோட்டங்களை அழகு செய்யும் பல்லாண்டுச் செடி ஹொஸ்டா ஆகும். யப்பான், சீனா, கொரியா ஆகியன இதன் தாயகம். இதன் அகன்ற இலைகளைப் படத்திற் கண்டு நட விரும்புவோர் உளர். ஆயின், இச்செடி ஆண்டுதோறும் இலைகளை இழந்து, கடுங்குளிரில் பல வாரங்கள் உறங்கியெழ வேண்டியது. கண்டியில் தை மாத இரவுகளிலும் அத்தகைய குளிர் உண்டாவதில்லை. உறக்கம் பெறாத செடி வரவரச் சிறுத்து மடியும். எனவே இதற்குப் பணம் செலவிடுதல் வீணாகும்.

இதற்கு மாறாக அந்தூரியம், கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஈரமான மழைக்காடுகளைத் தாயகமாகக் கொண்டது. 1876 ஆம் ஆண்டில் எடுவார் அந்திரே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதனைக் கண்டெடுத்தார். இதற்குக் குளிர் உறக்கம் வேண்டியதில்லை. கண்டியின் காலநிலை நன்கு ஒத்துவரும்.

நடுகை

நேர்வெயில் பட்டால் இலைகள் கருகும். கடும் இருளிலோ பூக்கள் குறையும். மரக்கிளைகளினூடே வெயில் சிதறி விழும் இடமே சிறந்தது. வேர்களுக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. வயற்களியில் நட்டால் அவை அழுகிவிடும். தேங்காய்ப் பொச்சைச் சிறு துண்டுகளாக வெட்டி, சில நாள் நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றிக் கழுவுக. அத்துண்டுகளுடன் உடைத்த செங்கல், மரக்கரி, சிறிதளவு மக்கிய இலையெரு ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளைகளுள்ள சாடியில் இடுக. செடியின் குருத்துப் புதையாதவாறு நடுதல் வேண்டும்.

ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூவே தோன்றும். ஆகவே நல்ல இலைகளை வீணே வெட்டலாகாது. செடி உயர்ந்து தண்டில் வேர்கள் விட்டபின், அவ்வேர்களுடன் நுனியை வெட்டி வேறு சாடியில் நடலாம். எஞ்சிய அடித்தண்டு பக்கக் கன்றுகளைத் தரும். இவ்வாறு ஒரு செடியிலிருந்து பல செடிகளைப் பணச்செலவின்றிப் பெறலாம்.

நோய்த் தடுப்பு

இப்பயிரின் பெரும் பகை பற்றீரியா வெளிறல் நோயாகும். முதலில் இலையின் அடிப்புறத்தில், ஓரத்தையொட்டி நீர் ஊறியது போன்ற புள்ளிகள் தோன்றும். பின்னர் அவை மஞ்சள் விளிம்புடன் கபில நிறமாகி விரியும். நோய் தண்டினுட் சென்றால் இலைகள் மஞ்சளாகி, காம்புடன் எளிதிற் கழன்றுவிடும். ஹவாய்த் தீவுகளில் 1980களில் பல சிறு தோட்டங்கள் இந்நோயால் அழிந்தன. நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து இல்லை. அதனைச் சாடியிலுள்ள கலவையுடன் அகற்றி எரித்தலே வழி. ஒரு செடியை வெட்டிய கத்தியைத் தொற்றுநீக்காது மறு செடியில் வைத்தல் ஆகாது. நீரை இலைகளின் மேல் தெளியாது அடியிலேயே ஊற்றுக. புதிதாக வாங்கிய செடிகளைச் சில வாரங்கள் தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்த்தல் வேண்டும்.

வீட்டார் கவனத்திற்கு

சாடியின் கீழ்த் தட்டில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். தட்டுகளை நீக்கிவிடுதல் நன்று. இச்செடியின் சாறு வாயையும் தொண்டையையும் அரித்து எரியச் செய்யும். குழந்தைகளும் ஆடுமாடுகளும் கடியாதவாறு காத்தல் வேண்டும்.

பூவின் நடுவிலுள்ள கதிர் பாதிக்குமேல் நிறம் மாறியபின் அறுத்தால், நீரில் இரு வாரம் வரையும் வாடாதிருக்கும். முதலிற் பத்துச் சாடிகளுடன் தொடங்குக. பூக்கடைக்காரர் எந்நிறத்தை, என்ன விலைக்கு வாங்குவர் என்பதைக் கேட்டறிந்த பின்னரே செய்கையைப் பெருக்குக. வயலிலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை குறைந்த நாட்களில், பலாமரத்தடி நிலமும் வீட்டுக்குச் சிறு வருவாய் தரக்கூடும்.