பாலுக்கு முன் சூடு

பெங்களூரு ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே கை நுழையக்கூட இடமிருக்காது. பூனைக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடும். மாடிப்படிக்கு அடியில், பரண்மேல், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எங்கேயாவது குட்டி போட்டிருக்கும். ஒரு வீட்டில் 'பூனைக்குட்டி' என்பார்கள், அடுத்த வீட்டில் கன்னடத்தில் 'பெக்கின மரி' என்பார்கள். அப்புறம் இரண்டு வீட்டிலும் நடப்பது ஒன்றுதான்: நந்தினி பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள்.

இரக்கம் சரி. வரிசைதான் தப்பு.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம், ஒரு சோப்புக்கட்டி எடை. கண் மூடியிருக்கும், காதும் திறந்திருக்காது. குளிரெடுத்தால் நமக்கு உடம்பு நடுங்குகிறதே, அது தசைகள் சூடு உண்டாக்கும் வழி. முதல் வாரத்தில் குட்டிக்கு அந்த நடுக்கம்கூட வராது. வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல். குட்டிக்கு 35, 36தான். அதுவும் தாயின் வயிற்றிலிருந்தும் கூடப் பிறந்தவற்றின் முதுகிலிருந்தும் வாங்கிய கடன். டிசம்பர், ஜனவரி இரவில் பெங்களூரு 16 டிகிரிக்கு இறங்கும்போது சிமெண்டுத் தரையில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பசியைவிடக் குளிர்தான் முதலில் கொல்லும். குளிர்ந்த உடம்பில் குடல் அசையாது. ஊட்டிய பால் செரிக்காமல் தேங்கும்.

ஆகவே முதலில் சூடு. பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய வேட்டியில் நன்றாகச் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் ஊர்ந்துகொள்ளும். வாய்க்குள் விரல் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் பால் பேச்சே வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒன்று: தாய் உண்மையிலேயே விட்டுப் போய்விட்டதா? பெரும்பாலும் இரை தேடப் போயிருக்கும், இல்லையென்றால் குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். பூனை ஏழு வீடு மாறும் என்று பாட்டிகள் சொன்னதில் எண்ணிக்கை மட்டும்தான் மிகை. மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் பெரும்பாலும் வீண்பயம். எறும்பு மொய்க்கவில்லை, குட்டி சூடாக இருக்கிறது என்றால் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள்.

தாய் இப்படிக் கவ்வி இடம் மாற்றுவதைத்தான் தென்கலை வைணவர்கள் சரணாகதிக்கு உவமையாகச் சொல்கிறார்கள்: மார்ஜால நியாயம், அதாவது பூனை நியாயம். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ சும்மா இருக்கும், தாயே கவ்விப் போகும். பிடரியைக் கவ்வியதும் குட்டி காலை மடக்கித் துவண்டுவிடுவது உண்மைதான். மற்ற நேரத்தில் அது அவ்வளவு சாது இல்லை. கண் திறக்குமுன்பே மோப்பம் பிடித்து முலையைத் தேடிப் போகும். சில நாட்களில் தனக்கென்று ஒரு முலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தாய் வரவே இல்லையென்றால் நீங்கள்தான் தாய். பசும்பாலில் புரதம் நூற்றுக்கு மூன்று சொச்சம். பூனைப்பாலில் ஏறத்தாழ இரு மடங்கு. பசும்பால் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும், அந்தச் சின்ன உடம்பு அரை நாளில் வற்றிவிடும். செல்லப்பிராணிக் கடைகளில் குட்டிகளுக்கென்றே பால்பவுடர் இருக்கிறது. அதை இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை ஊட்டுங்கள், இரவிலும். குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும். குப்புற வைத்தே ஊட்ட வேண்டும். தினமும் 10 கிராமாவது எடை ஏற வேண்டும், சமையலறைத் தராசு போதும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று: மூன்று வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கித் தூண்டும். நீங்கள் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் துடைத்துவிட வேண்டும்.

பெட்டி இருக்கும் அறையில் பினைல் போட்டுத் துடைக்காதீர்கள். அதன் நஞ்சை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பினைல் பட்ட பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். ஈரலின் அதே குறையால் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே ஒரு பெரிய பூனையைக் கொல்லும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் குட்டிக்கு முதல் தடுப்பூசி. ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை உண்டு. போகிறபோது தாயின் கருத்தடைக்கும் கேட்டு வையுங்கள். பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஈத்துக்குச் சினையாகிவிடும்.