சிங்கப்பூரில் 5 நாள், நாளுக்கு 60 வெள்ளி: காஸ்ட்லியான நாட்டில் பேக்பேக்கிங் செய்வது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு ஓட்டத்தைக் கெடுக்காமல் படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கத்துல இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி ஆட்டோ ஹாரன் கேட்டா அது செங்கம் ரோடு, மன்னிச்சுக்கோங்க. போன சில வாரங்களா இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, மாசச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வெளிநாடு போக முடியுமா? அதுவும் விலை அதிகமான நாட்டுக்கு?" முடியும். ஆனா அதுக்குக் கணக்கு தெரியணும். இன்னைக்கு அந்தக் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு நமக்குப் பக்கத்துலயே இருக்கிற காஸ்ட்லி நாடு, சிங்கப்பூர்.

இந்தத் தெருவில் இருந்து என்ன கத்துக்கலாம்?

ரமணர் 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தார். பால் பிரன்டன் 1934-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வருவது அதிகமானது. சாமர்செட் மாம் 1938-ல் வந்துட்டுப் போனார். இன்னைக்கும் இந்த ஏரியாவுல ஒரு டீக்கடையில உட்கார்ந்தா நாலு நாட்டு ஆட்களைப் பார்க்கலாம். அவங்கள்ல நிறைய பேர் பணக்காரங்க கிடையாது. அவங்க காசை எப்படி நீட்டி நீட்டிச் செலவு பண்றாங்கன்னு கவனிச்சா மூணு விஷயம் புரியும்.

ஒண்ணு, தங்குற செலவை முதல்ல முடிவு பண்ணிடுறாங்க. ஆசிரமத்துல தங்கணும்னா முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குறாங்க. இல்லைன்னா நாள் வாடகை கொடுக்காம மாச வாடகைக்கு ரூம் எடுக்குறாங்க. ரெண்டு, உள்ளூர்க்காரங்க சாப்பிடுற இடத்துல சாப்பிடுறாங்க. மூணு, நடக்குறாங்க. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கு டிக்கெட் கிடையாதே.

இந்த மூணையும் நாம அப்படியே எடுத்துக்கலாம். ஆனா ஒரு வித்தியாசத்தை மறந்துடக் கூடாது. யூரோவோட இங்க வர்றவருக்குக் காசு விரியுது. ரூபாயோட அங்க போற நமக்குக் காசு சுருங்குது. அவர் ஆறு மாசம் தங்குறதுல அர்த்தம் இருக்கு, ஏன்னா தினசரிச் செலவு கம்மி. நமக்கு அது தலைகீழ். அதனால பட்ஜெட் பயணத்துல நம்மளோட முதல் ஆயுதம், எத்தனை நாள் தங்குறோம்ங்கிறதுதான்.

செலவு ரெண்டு வகை

நான் சாஃப்ட்வேர் ஆளு, எல்லாத்தையும் ஃபிக்ஸ்டு, வேரியபிள்னு பிரிக்கிற பழக்கம். ஒரு நாள் இருந்தாலும் பத்து நாள் இருந்தாலும் மாறாத செலவு ஒரு வகை: ஃப்ளைட், விசா. நாளுக்கு நாள் ஏறுற செலவு இன்னொரு வகை: படுக்கை, சாப்பாடு, பஸ்.

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை 'வெள்ளி'ன்னு சொல்வாங்க. நாமும் அப்படியே சொல்லிக்கலாம். கணக்கு சுலபமா இருக்க ஒரு வெள்ளியை 70 ரூபாய்னு வச்சுக்குங்க. போறப்போ அன்னைய ரேட்டைப் போட்டுப் பார்த்துக்குங்க.

நான் போட்ட தினசரிக் கணக்கு இது: டார்ம் படுக்கை 30 வெள்ளி, சாப்பாடு 15, பஸ்ஸும் எம்ஆர்டியும் 5, மத்ததுக்கு 10. மொத்தம் 60 வெள்ளி, அதாவது 4,200 ரூபாய். அஞ்சு நாளுக்கு 21,000. ஃப்ளைட் ஆஃபர் பார்த்துப் போனா போக வர 15,000-லிருந்து 18,000. விசாவுக்கும் ஏஜென்ட் கட்டணத்துக்கும் ஒரு 3,000. ஆக 40,000 ரூபாய் பக்கம். இதுக்கு மேல 10,000 ரூபாய் தனியா இருக்கணும். அது செலவு பண்றதுக்கு இல்ல, தொடாம திரும்பக் கொண்டு வர்றதுக்கு.

திருவண்ணாமலையில இருந்து சென்னை ஏர்போர்ட்டும் திருச்சி ஏர்போர்ட்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், 200 கிலோமீட்டர் பக்கம். திருச்சியில இருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி ஃப்ளைட் இருக்கு. ரெண்டு விலையையும் பார்த்துட்டு புக் பண்ணுங்க. பட்ஜெட் ஏர்லைன்ல செக்-இன் லக்கேஜுக்குத் தனிக் காசு. 7 கிலோ பையில அடங்கிட்டா அந்தக் காசு மிச்சம்.

பேப்பர் வேலை

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். அங்கீகாரம் பெற்ற விசா ஏஜென்ட் மூலமா விண்ணப்பிக்கணும். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, விசா கிடைக்கலைன்னாலும் அது திரும்ப வராது. அதுக்கு மேல ஏஜென்ட் எவ்வளவு வாங்குறார்ங்கிறதை ரெண்டு மூணு இடத்துல கேளுங்க.

அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்டு. இறங்குறதுக்கு முந்தைய மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். இது இலவசம். இதுக்குக் காசு கேட்கிற வெப்சைட் எல்லாம் அரசோடது இல்ல, மூடிட்டு வெளியே வந்துடுங்க. ரிட்டர்ன் டிக்கெட், தங்குற இடத்தோட புக்கிங் ரெண்டையும் பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க. இமிக்ரேஷன்ல கேட்டா உடனே நீட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. "ஹாஸ்டல்ல வேலை செஞ்சா படுக்கை ஃப்ரீ"ன்னு நிறைய வீடியோ பார்த்திருப்பீங்க. சுற்றுலா விசாவுல போய் அங்க வேலை செய்யறது சட்டப்படி குற்றம். சம்பளம் வாங்கலையேன்னு சொல்லித் தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க.

வயிறும் தண்ணீரும்

சிங்கப்பூர்ல பட்ஜெட்டைக் காப்பாத்துறது ஹாக்கர் சென்டர்தான். தமிழ்ல உணவங்காடி நிலையம்னு சொல்வாங்க. இந்த உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-ல் பட்டியலில் சேர்த்தது. ஒரு வேளைக்கு 4-லிருந்து 6 வெள்ளி. ரெஸ்டாரன்ட் மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா உஷார்: 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. 20 வெள்ளின்னு நினைச்சு உட்கார்ந்தா பில் 24 வெள்ளி தொடும்.

மேஜை மேல டிஷ்யூ பாக்கெட் இருந்தா யாரோ இடம் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், நம்ம ஊரு பஸ்ல துண்டு போடுற மாதிரி. சாப்பிட்டு முடிச்சதும் தட்டை நாமதான் கொண்டு போய் வைக்கணும். 2021 செப்டம்பர்ல இருந்து அது சட்டம்.

தண்ணி பாட்டில் வாங்காதீங்க. குழாய்த் தண்ணி குடிக்கத் தகுந்தது. ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போய் நிரப்பிக்குங்க. அந்த வெயில்ல நாளுக்கு மூணு லிட்டர் குடிப்பீங்க, அதனால இது சின்ன மிச்சம் இல்ல.

காசில்லாமல் சுத்துறது

பொட்டானிக் கார்டன் 1859-ல் தொடங்கியது, நுழைவு இலவசம். கார்டன்ஸ் பை த பே-ல கண்ணாடிக் கூடாரங்களுக்கு டிக்கெட் உண்டு. வெளித்தோட்டமும் ராத்திரி லைட் ஷோவும் இலவசம். மெக்ரிச்சி காட்டுக்குள்ள 250 மீட்டர் தொங்குபாலம் இருக்கு. அதுக்கும் டிக்கெட் இல்ல, திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். குன்றுகளை இணைச்சுப் போற சதர்ன் ரிட்ஜஸ் 10 கிலோமீட்டர். கிரிவலம் போன கால்களுக்கு அது பெரிய விஷயமே இல்ல.

புலாவ் ஊபின் தீவுக்குச் சின்னப் படகு போகும். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். நம்ம ஷேர் ஆட்டோ லாஜிக்தான்.

பஸ்ஸுக்கும் எம்ஆர்டிக்கும் கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டினாலே போதும். வெளிநாட்டு கார்டுன்னா நாளுக்கு ஒரு சின்னக் கட்டணமும், உங்க பேங்க்கோட ஃபாரெக்ஸ் மார்க்கப்பும் சேரும். நிறைய பயணம் பண்றதா இருந்தா அங்கயே ஒரு ஈஸி-லிங்க் கார்டு வாங்கிடுங்க.

இன்னொரு யோசனையும் சொல்வாங்க: பாலத்தைத் தாண்டி மலேசியாவோட ஜோகூர் பாருவுல தங்கிட்டு தினமும் வந்து போறது. ரூம் வாடகை நிச்சயமா கம்மி. ஆனா தினமும் ரெண்டு இமிக்ரேஷன் வரிசை, அதுவும் போக வர. உங்க சிங்கப்பூர் விசா பலமுறை நுழையற விசாவான்னு பார்க்காம இதுல இறங்கவே கூடாது. அஞ்சு நாள் பயணத்துல ஒரு நாளை வரிசையில கொடுக்கிறது எனக்கு லாபமாத் தெரியல.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா

நான் ஞாயிறு சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். வீரமாகாளியம்மன் கோயில்ல இருந்து தேக்கா வரைக்கும் நம்ம ஊரு ஆட்கள். புதுக்கோட்டைப் பக்கம் இருந்து வந்து கட்டட வேலை பார்க்கிற ஒரு அண்ணன்கிட்ட, "இங்க எங்கண்ணே சாப்பாடு கம்மி விலை?"ன்னு கேட்டேன். ஒரு கடையைக் காட்டிட்டு, "நீ எத்தனை நாளுக்கு வந்த தம்பி?"ன்னு கேட்டார். அஞ்சு நாள்னு சொன்னேன். "அப்ப நல்லாவே சாப்பிடு. கம்மியா சாப்பிடுறது எங்க வேலை"ன்னு சிரிச்சார்.

அந்தச் சிரிப்புல இருந்த விஷயத்தை இந்த எபிசோட்ல விட்டுட முடியாது. நாம நாளுக்கு 60 வெள்ளில வாழ்றதை சாகசம்னு சொல்றோம். அதைவிடக் கம்மியில வருஷக்கணக்கா டார்மிட்டரியில இருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புறவங்க அதே தெருவுல நடக்குறாங்க. அதனால பட்ஜெட் பயணத்துக்கு நான் வச்சிருக்கிற எல்லை இதுதான்: என் செலவை இன்னொருத்தர் தலையில கட்டக் கூடாது. தெருவுல போர்டு பிடிச்சுப் பயணத்துக்குக் காசு கேட்கிற வெளிநாட்டு இளைஞர்களை ஆசிய நகரங்கள்ல பார்த்திருப்பீங்க. அது பட்ஜெட் பயணம் இல்ல.

கடன் வாங்கியும் போகாதீங்க. 50,000 ரூபாய் பர்சனல் லோனை 12 மாச இஎம்ஐ-ல கட்டுறதுக்குப் பதிலா, அதே தொகையை 12 மாசம் முன்னாடியே தனி அக்கவுன்ட்ல போடுங்க. மாசம் 4,200 ரூபாய். கவனிச்சீங்களா, சிங்கப்பூர்ல ஒரு நாள் செலவும் அதேதான். ஒரு மாசம் சேர்த்தா அங்க ஒரு நாள். இப்படி நினைச்சா அங்க ஒரு நாளைக்கூட வீணாக்க மனசு வராது.

நீங்க போட்ட பட்ஜெட் கணக்கை எங்களுக்கு அனுப்புங்க. எங்க இடிக்குதுன்னு அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்ப்போம்.