உங்களுக்குத் தெரியுமா? அது பொடுகு இல்லை, பரம்பரைச் சொத்து!

கோல்டன் ரெட்ரீவர் குட்டியின் வயிற்று முடியை விலக்கிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறதா? ஷாம்பூவைத் திட்டாதீர்கள். அப்பாவும் அம்மாவும் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்த சீதனமாக இருக்கலாம். நோயின் பெயர் இக்தியோசிஸ்!

நல்ல நாய்த்தோல் சுமார் 3 வாரத்துக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய தோல் கண்ணுக்கே தெரியாமல் உதிர்ந்துவிடும். இந்த நாய்களுக்கோ பழசு போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஒட்டி, அடுக்காகி, பிறகு செதில் செதிலாகக் கொட்டும். சோபா, பாய், கறுப்பு பேன்ட்... எதுவும் தப்பாது!

கோளாறு எங்கே? 12-வது குரோமோசோமில், பிஎன்பிஎல்ஏ1 என்ற ஜீனில். அங்கே 3 எழுத்து காணோம். அந்த இடத்தில் 8 எழுத்து புதிதாகக் குடியேறியிருக்கிறது. நாயின் மரபணுப் புத்தகத்தில் மொத்தம் சுமார் 240 கோடி எழுத்துகள். இத்தனை ரகளைக்கும் காரணம் வெறும் 11!

இனி வருவதுதான் நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த சமாச்சாரம். 2012-ல் இந்தக் கோளாறை விஞ்ஞானிகள் முதலில் பிடித்தது நாயிடம். அதற்குப் பிறகுதான் மனிதர்களிடம் தேடினார்கள். செதில்தோல் நோயுள்ள 2 குடும்பங்களில் 6 பேருக்கு அதே ஜீனில் பழுது! மனிதனின் நோய்க்குத் துப்புக் கொடுத்தது நாய்! ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழிலேயே வந்துவிட்டது!

இந்தச் சீதனம் இனத்துக்குள் பரவியதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: கோல்டன் இனம் தொடங்கியதே ஒரு சின்னக் குடும்பமாகத்தான். 1868, ஸ்காட்லாந்து, கிசாகன் பண்ணை. நௌஸ் என்ற ஆண், பெல் என்ற பெண். பிறந்த மஞ்சள் குட்டிகள் 4!

ஜாக் ரஸ்ஸல் இன நாய்க்கும் இக்தியோசிஸ் உண்டு. அமெரிக்கன் புல்டாக்குக்கும் உண்டு. ஆனால் பழுதான ஜீன் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு!

தொட்டால் ஒட்டுமா? ஒட்டவே ஒட்டாது! ஆனால் உஷார். செய்லெட்டியெல்லா என்ற நுண்ணுண்ணி வந்தாலும் இதே மாதிரிதான் உதிரும். அது மனிதருக்கும் ஒட்டும். உதிர்ந்த ‘பொடுகு’ தானாக நகர்கிறதா? உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்!

குணமாக்க மருந்து? கிடையாது. ஆனால் பயப்படவும் வேண்டாம். கோல்டன்களுக்குப் பெரும்பாலும் அரிப்புகூட இருக்காது. தினமும் பிரஷ் போட்டாலே பாதி வேலை முடிந்தது. மருத்துவர் தரும் செதில் நீக்கும் ஷாம்பூவைத் தேய்த்ததும் கழுவிவிடாதீர்கள். 10 நிமிடம் ஊறட்டும்! உங்கள் ஷாம்பூ அதற்கு ஆகாது. தோலுக்குத் தெம்பு தர மருத்துவர் சொல்லும் அளவில் ஒமேகா-3. அது எதில் இருக்கிறது? மீன் எண்ணெயில்! செதில் விழும் நாய்க்கு மீனே வைத்தியம்!

ஸ்டீராய்டு கொடுத்தால் நிற்குமா? நிற்காது! இது அலர்ஜியே இல்லையே! கிருமித் தொற்று சேர்ந்துகொண்டால் மட்டும் அதற்குத் தனி மருந்து.

நோயுள்ள நாயா என்று கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒரு துடை துடைத்து, ஜீன் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம்!

ஜோடி சேர்க்கும் கணக்கைக் கேளுங்கள். வெளியே தெரியாமல் பழுதான ஜீனை மட்டும் சுமக்கும் இரண்டு நாய்கள் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. சரி, செதில் கொட்டும் நாயையே பழுதில்லாத நாயோடு சேர்த்தால்? குட்டிகள் எல்லாமே பழுதான ஜீனைச் சுமக்கும். ஆனால் நோயோடு பிறப்பவை எத்தனை? பூஜ்யம்!