28 மி.மீ. வில்லாளி

1415-இல் அஜின்கோர்ட் களத்தில் நின்ற ஆங்கில வில்லாளி ஒருவனை மேசைப் போர் விளையாட்டுக்காக வடிக்க வேண்டும். உயரம் 28 மி.மீ. இத்தொழிலில் பலர் இந்த அளவைப் பாதத்திலிருந்து கண் வரைதான் எடுக்கிறார்கள். தொப்பியும் தலைக்கவசமும் உருவத்துக்கு உருவம் மாறும். கண்ணின் மட்டம் மாறாது. இக்கணக்கில் பொம்மை நிஜ மனிதனில் ஏறத்தாழ 56-இல் ஒரு பங்கு.

முதலில் அதே அளவில் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் வரைந்து, இடுப்பு, முழங்கால், தோள், முழங்கை ஆகிய மூட்டுகளைப் புள்ளியிட்டுக் கொள்ள வேண்டும். வார்ப்புக்கான அச்சு இரண்டு தட்டுகளாகப் பிரியும் என்பதால், நிற்கும் நிலையை இப்போதே அதற்கேற்ப முடிவு செய்வது நல்லது. முன்னோக்கி நீளும் கை அச்சில் மாட்டிக்கொள்ளும். வில்லை முழுதாக இழுத்து நிற்பவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை: இரு தோள்களும் இரு கைகளும் வில்லும் ஏறக்குறைய ஒரே தளத்தில் அமைகின்றன. வார்ப்புக்கென்றே வகுத்த நிலை என்று சொல்லலாம்.

அடுத்தது கம்பிக் கூடு. 1 மி.மீ. செம்புக் கம்பியை இரண்டாக மடித்தால் மடிப்பு இடுப்பாகும், இரு முனைகளும் கால்களாகும். பாதத்துக்குக் கீழே 15 மி.மீ. கூடுதலாக விட்டுத் தக்கையில் குத்தி நிறுத்த வேண்டும். வேலை முடியும் வரை தக்கைதான் கைப்பிடி. தண்டுவடமாக இன்னொரு துண்டையும் கைகளுக்கு 0.8 மி.மீ. கம்பியையும் சேர்த்து இறுக்க வேண்டும். மூட்டுகளில் தட்டைமூக்குக் குறடு வைத்துக் கூர்மையாக மடிப்பது முக்கியம். வளைவாக விட்டால் எலும்பில்லாத உடல்தான் கிடைக்கும்.

பொருள், கிரீன் ஸ்டஃப் எனப்படும் எபாக்சி புட்டி. மஞ்சள் பட்டை பிசின், நீலப் பட்டை இறுக்கி. நாடாவாக விற்பதை வாங்கினால், இரண்டும் ஒட்டி நிற்கும் நடுக்கோடு முன்பே இறுகியிருக்கும். அதை 2 மி.மீ. அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட வேண்டும், இல்லையேல் முகத்தில் கட்டி தட்டும். கையுறை அணிந்து, கோடே தெரியாத ஒரே பச்சையாகும் வரை பிசைய வேண்டும். மஞ்சள் கூடினால் இளக்கமும் ஒட்டும் தன்மையும் மிகும். நீலம் கூடினால் விறைப்பாகும். முதல் அரைமணி நேரம் நன்றாக ஒட்டும். அடுத்த ஒரு மணி நேரம் நுண்வேலைக்கு ஏற்றது. அதன்பின் ரப்பர்போல எதிர்க்கும். முழுதாக இறுக ஒரு நாள் விட்டுவிடலாம்.

கம்பி முழுவதும் மெல்லிய பூச்சு கொடுத்து ஓர் இரவு இறுக விட வேண்டும். இதைத் தவிர்த்தால் பின்னர் வைக்கும் தசை கம்பியைச் சுற்றி உருளும். பிறகு விலாக்கூடு, இடுப்பு, தொடை, கெண்டைக்கால். ஒவ்வொரு கட்டமும் இறுகிய பிறகே அடுத்தது. நேற்றைய வேலையை இன்றைய விரல் அழுத்திக் கெடுக்காது என்ற உறுதியில்தான் இத்தனை சிறிய உருவத்தைத் துணிந்து பிடிக்க முடிகிறது.

தலைக்கு நிதானம் வேண்டும். சரியான விகிதத்தில் தலை 4 மி.மீ.தான் வரும், ஆனால் மேசையில் ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கும்போது முகம் தெரிய வேண்டும் என்பதால் 5 மி.மீ. வைப்பது வழக்கம். உருண்டையில் மழுங்கிய கருவியால் இரு கண்குழிகளை அழுத்தினால் நடுவில் மூக்குத்தண்டு தானாக எழும். வாய்க்குக் கத்தி நுனியால் ஒரு கீறல்; கீழே சற்று அழுத்தினால் உதடும் முகவாயும் பிரியும். இது இறுகிய பின், அரை மி.மீ.க்கும் குறைந்த புட்டித் துளியைக் குழிக்குள் வைத்து, ஊசியால் மேலிமையும் கீழிமையும் கோடிட வேண்டும். இலக்கை நோக்குபவன் என்பதால் இரு கண்களும் வில் நீளும் பக்கமே திரும்பியிருக்க வேண்டும். ஊசி கால் மி.மீ. விலகினாலும் பார்வை வேறெங்கோ போய்விடும். கருவியை அவ்வப்போது வாசலினில் தொட்டுக்கொண்டால் ஒட்டாது.

உடையை உள்ளிருந்து வெளியே அணிவிக்க வேண்டும்: காலுறை, சட்டை, பல அடுக்குத் துணி வைத்துத் தைத்த மேலங்கி, இடைவார். மேலங்கியின் நெடுக்குத் தையல்களை, புட்டி நாற்பது நிமிடம் விறைத்த பின் 1 மி.மீ. இடைவெளியில் கத்தியால் அழுத்தினால் இடைப்பட்ட பகுதி திண்டாகப் புடைத்து நிற்கும். மடிப்புகள் இழுவிசை உள்ள இடத்தில் தொடங்க வேண்டும்: முழங்கை, அக்குள், வாரின் விளிம்பு. வாருக்குப் புட்டியைத் தட்டையாகத் தேய்த்து, பாதி இறுகியதும் மெல்லிய நாடாவாக வெட்டி ஒட்டினால் ஓரம் நேராக வரும்.

கடைசியில் வில். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து எடுத்த விற்கள் 1.87 முதல் 2.11 மீட்டர் வரை நீளமானவை. காலத்தால் பிந்தியவை என்றாலும் நல்ல வழிகாட்டி. நம் அளவில் 33 முதல் 38 மி.மீ. நீளத்தை அப்படியே கொள்ளலாம். தடிமனைக் கொள்ள முடியாது. அளவுப்படி வில்லின் கைப்பிடி அரை மி.மீ.ஐச் சற்றே மீறும்; அத்தனை மெல்லிய அச்சுக்குழியில் உலோகம் சரியாக ஓடாது, ஓடினாலும் வில் விளையாடுபவர் விரலில் வளையும். எனவே 1 மி.மீ. பித்தளைக் கம்பியை முனைகளில் மட்டும் தட்டி மெலிதாக்க வேண்டும். நாணை வார்ப்பதில்லை, வேண்டுபவர் பின்னர் மெல்லிய நூல் கட்டிக்கொள்ளலாம்.

முடிந்த உருவை இரண்டு வேகாத ரப்பர் வட்டுகளுக்கிடையே வைத்து, 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், அழுத்தத்தில், சுமார் ஒரு மணி நேரம் வேகவைத்தால் வல்கனைஸ் ஆகிய அச்சு கிடைக்கும். இந்தச் சூட்டையும் நெருக்கலையும் கிரீன் ஸ்டஃப் தாங்குவதால்தான் உலோக வார்ப்புச் சிற்பிகள் அதை விரும்புகிறார்கள். அச்சில் உலோகம் நுழையும் வழியையும் காற்று வெளியேறும் நுண்வாய்க்கால்களையும் கத்தியால் வெட்டி, சுழல் வார்ப்பு எந்திரத்தில் பூட்டி, நடுத்துளையில் வெள்ளீயக் கலவையை ஊற்ற வேண்டும். சுழற்சி உலோகத்தை வில் நுனி வரை தள்ளும். முதலில் விழும் வார்ப்புகளில் பிசிறு நீக்கி, விளிம்புக் கோட்டை அரத்தால் தேய்த்து, குறையற்றவற்றைப் பொறுக்கி வட்டமாக அடுக்கி அடுத்த அச்சை எடுக்க வேண்டும். விற்பனைக்கான வில்லாளிகள் அந்த இரண்டாம் அச்சிலிருந்தே வருகிறார்கள்.